கட்டத்துக்குள் ஒரு பேர்

கொல்லிமலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. அதில் அரியூர் நாட்டில் இருசாயி என்று விசாரித்தால், எந்த இருசாயி என்று திருப்பிக் கேட்பார்கள். அந்தப் பேரில் ஊருக்கு ஊர் ஆள் உண்டு. "கட்டம் போடற இருசாயி" என்று சொன்னால்தான் கை நீட்டி வழி காட்டுவார்கள். கொல்லிமலையில் கேழ்வரகு போடுகிறவர்கள் இருக்கிறார்கள், மிளகுக் கொடி போடுகிறவர்கள் இருக்கிறார்கள். கட்டம் போட்டவள் அவள் ஒருத்திதான்.

அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மலைக்கு ரோடு வெட்டிக்கொண்டிருந்த காலம் அது. அரியூர் நாட்டுக்கு ஒரு பள்ளிக்கூடம் உண்டு என்று சர்க்கார் சொல்லிக்கொண்டிருந்தது. அது பொய்யில்லை. கூரை இருந்தது, கரும்பலகை இருந்தது, மணி கூட இருந்தது. வாத்தியார்தான் நிற்க மாட்டார். கீழ்நாட்டிலிருந்து மூச்சு வாங்க ஏறி வருவார். மாசம் திரும்புவதற்குள் குளிர்காய்ச்சல் வந்து போர்வைக்குள் நடுங்குவார். அப்புறம் டோலி கட்டி இறக்கிவிடுவார்கள். அடுத்தவர் வருகிற வரைக்கும் பள்ளிக்கூடத்தில் ஆடு படுத்திருக்கும்.

கடைசியில் அதிகாரி ஒருவர் வந்து பார்த்துவிட்டு, கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மலையிலேயே பிறந்த யாராவது எட்டாவது பரீட்சை தேறினால், அவரையே வாத்தியார் பயிற்சிக்கு அனுப்பி இங்கேயே போடலாம். இல்லையென்றால் வருகிற வருஷத்தோடு இந்தப் பள்ளிக்கூடத்தை எடுத்துவிட வேண்டியதுதான். கூட்டம் கலைந்துபோயிற்று. எட்டாவதுக்கு எங்கே போவது? அந்த நாட்டில் ஐந்தாவது படித்த ஒரே ஆள் இருசாயி. சின்ன வயசில் அடிவாரத்துச் சித்தி வீட்டில் இருந்தபோது படித்தது. இப்போது கல்யாணமாகி, ராசம்மாள் என்று ஐந்து வயசில் ஒரு பெண்ணும் இருந்தது. அந்தப் பெண் ஆடு படுத்திருக்கிற பள்ளிக்கூடத்து வாசலில் போய் நின்று, தினமும் மணியை ஒரு தட்டுத் தட்டிவிட்டு வரும். யாரும் வரமாட்டார்கள். இருசாயி அதைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் மாமியார் பொன்னாயியிடம், "நான் பரீட்சை எழுதறனுங்க" என்று சொல்லிவிட்டாள். பொன்னாயி களி கிண்டிக்கொண்டிருந்தவள், துடுப்பை நிறுத்தாமலே, "எழுதேன், ஆரு வேண்டாம்னாங்க" என்றாள். அவ்வளவு சுலபமாக அந்தப் பெரிய காரியம் தொடங்கிவிட்டது.

சொல்லிக்கொடுக்க வந்தவள் ருக்குமணி. மலேரியாக்காரர் வெங்கிடுசாமியின் மனைவி. வீடு வீடாக மருந்தடிக்க அவரை மலைக்கு மாற்றியபோது கூடவே வந்தவள்; காளப்பநாயக்கன்பட்டிப் பக்கம் காடு தோட்டம் உள்ள குடும்பம்; பள்ளிக்கூடம் முடித்தவள். இருசாயியைவிட ஒன்றிரண்டு வயசுதான் மூப்பு. ஆனால் அதிகாரத்துக்குக் குறைச்சலில்லை. அவளுக்கு ஒரே ஒரு பைத்தியம் உண்டு. அந்த நாளில் தமிழ்நாட்டையே பிடித்து ஆட்டிய பைத்தியம்தான்: பத்திரிகையில் வரும் குறுக்கெழுத்துப் போட்டி. சோளக்காட்டுச் சந்தைக்குப் போனால் பலாப்பழம் வாங்குகிறாளோ இல்லையோ, கருப்பட்டி சுற்றி வந்த பழைய காகிதத்தில் கட்டம் இருக்கிறதா என்று புரட்டிப் பார்ப்பாள். ஒரு தடவை கூட அவளுக்குப் பரிசு விழுந்ததில்லை. விழுந்திருந்தால் அந்தப் பைத்தியம் தெளிந்திருக்கும்.

கணக்கும் சரித்திரமும் இருசாயிக்கு ஒருமாதிரி பிடிபட்டுவிட்டன. இலக்கணம்தான் மலைமேல் மலையாக நின்றது. உவமை என்பாள், உருவகம் என்பாள், காலையில் ஒப்பிப்பாள், சாயங்காலம் ஒன்றை மற்றதாக மாற்றிச் சொல்வாள். ருக்குமணி தலையில் அடித்துக்கொண்டாள். தன் தலையில்தான்.

"இந்தா இருசாயி, இன்னிக்குப் பொஸ்தகம் வேண்டாம். அந்த அடுப்புக்கரிய எடு" என்றாள் ஒரு நாள்.

வீட்டுக்குப் பக்கத்தில் தட்டையான பெரிய பாறை. கேழ்வரகு காயப்போடுவது அதில்தான். குருவி ஓட்டிக்கொண்டே படிப்பது என்று ஏற்பாடு. பாறையில் கேழ்வரகு இல்லாத பக்கமாக ருக்குமணி கரியால் கட்டம் போட்டாள். இடமிருந்து வலமாக ஐந்து கட்டம். முதல் கட்டத்திலிருந்தே கீழே மூன்று கட்டம்.

"குறுக்கே போறது: 'போல'ங்கற பேச்சே இல்லாம, இதுதான் அதுன்னு அடிச்சுச் சொல்றது. கீழ எறங்கறது: இது அது மாதிரின்னு பக்கத்துல பக்கத்துல வெச்சுக் காட்டறது. என்னன்னு போடு."

இருசாயி கரியைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தாள். குருவி வந்து தின்றுவிட்டுப் போனது, அவள் பார்க்கவில்லை. அப்புறம் மெதுவாக எழுதினாள். குறுக்கே, உ ரு வ க ம். கீழே, உ வ மை. எழுதி முடித்துவிட்டு, முதல் கட்டத்தில் இருந்த உகரத்தையே வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு சொல்லும் ஒரே வாசலில் நுழைகின்றன. ஒன்று நேராக உள்ளே போகிறது, மற்றது படியிறங்கிப் போகிறது. இத்தனை நாள் இரண்டும் தன் தலைக்குள் ஏன் இடித்துக்கொண்டு நின்றன என்பது இப்போது அவள் கண்ணுக்கே தெரிந்தது.

"அக்கா, ஒரே எழுத்து ரெண்டு சொல்லுக்கும் வேலை செய்யுதுங்க!" என்றாள்.  

அன்றிலிருந்து அந்தப் பாறை கட்டங்களால் நிரம்பியது. மழை வந்தால் அழிந்துபோகும். மறுநாள் புதுசு போடுவார்கள். ஒவ்வொரு குறிப்பையும் ருக்குமணி அந்த ஊர்ப் பேச்சிலிருந்தே எடுத்தாள். "சந்தைக்கு அரியூர் நாடே வந்திருச்சுன்னு சொல்றீங்கல்ல, நாடு நடந்தா வந்துது? ஆளுங்கதான வந்தாங்க. எடத்தோட பேரு ஆளுக்கு ஆயிப்போச்சு. அதுக்கு அஞ்சு கட்டம்" என்பாள். ஆகுபெயர் என்று இருசாயி எழுதுவாள். "வெளக்க அணைன்னு சொல்லமாட்டீங்க, குளிர வைன்னு சொல்லுவீங்க. அதுக்கு ஒரு பேரு இருக்குது" என்பாள். மங்கலம் என்று இருசாயி எழுதுவாள்.

எழுதிவிட்டு அவள் அப்படியே உட்கார்ந்துவிடுவாள். மாமியார் பேசுவது, களத்தில் பேசுவது, சண்டையில் வைவது, எல்லாவற்றையும் யாரோ எப்போதோ உட்கார்ந்து கேட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பேர் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்! தன் வாயிலிருந்து வருகிற சாதாரணப் பேச்சுக்குப் பின்னால் இவ்வளவு பெரிய வீடு இருக்கிறது, இத்தனை அறைகள் இருக்கின்றன என்று அவள் எண்ணிப் பார்த்ததே இல்லை. பொன்னாயி, "கேப்ப காயப்போடறப்பவே இவளுக்குப் பேய் புடிச்சிருச்சு" என்று அக்கம்பக்கத்தில் பெருமையாகவே சொல்லிக்கொண்டாள்.

ருக்குமணிக்கோ தலைகால் புரியவில்லை. பரீட்சைக்கு வேண்டுமோ வேண்டாமோ, தனக்குத் தெரிந்த யாப்பு, தொடை, உத்தி எல்லாவற்றையும் கட்டத்துக்குள் இறக்கினாள். முரண், தளை, இன்னிசை என்று இருசாயி சளைக்காமல் நிரப்பினாள். ஒரே ஒரு இடத்தில்தான் முட்டிக்கொண்டது.

ஆறு கட்டம் உள்ள ஒரு சொல். குறிப்பு சுலபமானது: "போல என்பது ஒளிந்து நிற்கும் உவமை, வாயைத் திறந்தால் தெரியும்." பள்ளிப் புத்தகத்தில் உவமைக்குக் கொடுத்திருந்த ஒரே உதாரணம் அதுதான். முத்துப்பல். முத்தைப் போன்ற பல். இருசாயி எல்லாச் சொல்லையும் போட்டாள். இதை மட்டும் காலியாக விட்டாள். மேலிருந்து இறங்கிய முரண் என்ற சொல் அதன் முதல் கட்டத்தில் ஒரு 'மு'வைப் போட்டுவிட்டிருந்தது. அதைப் பார்த்ததும் கரியைக் கீழே வைத்துவிட்டாள்.

மறுநாள் வேறு கட்டத்தில் அதையே வேறு குறிப்போடு கொடுத்தாள் ருக்குமணி. மறுபடியும் காலி. அதற்கு மறுநாளும் அப்படியே.

"ஏன் இருசாயி, இன்னிசை போடறே, உத்தி போடறே, கைப்புள்ளைக்கும் தெரிஞ்ச இந்த ஒண்ணு தெரியலையா?"

இருசாயி தலையைக் குனிந்துகொண்டு கேழ்வரகைக் கிளறினாள். அவளுக்கு அந்தச் சொல் தெரியாமலா? அவளுடைய புருஷன் பேர் முத்தன். புருஷன் பேரைப் பெண்டாட்டி சொல்லக்கூடாது. அந்தப் பேர் ஒட்டிய வேறு எந்தச் சொல்லையும் சொல்லக்கூடாது. கல்யாணமான நாளிலிருந்து அவள் வாயிலிருந்து அது வந்ததில்லை. பாசிமணியை மணி என்பாள், முத்து என்று சொல்லமாட்டாள். ஆமணக்கு முத்தைக்கூடக் கொட்டை என்றுதான் சொல்வாள். பெண்டாட்டி வாயில் புருஷன் பேர் விழுந்தால் அவனுடைய ஆயுசு குறையும். குண்டனி நாட்டில் ஒருத்தி கோபத்தில் புருஷன் பேரைச் சொல்லித் திட்டியதும், அந்த மாசமே அவன் பலா மரத்திலிருந்து விழுந்ததும் எல்லாருக்கும் தெரிந்த கதை. அவன் கள் குடித்துவிட்டு ஏறினான் என்பதை யாரும் சொல்வதில்லை.

முத்தன் வேலை செய்ததோ ரோடு வெட்டுகிற இடத்தில். இடுப்பில் கயிறு கட்டிப் பாறையில் தொங்கிக்கொண்டு உளி அடிப்பான். குழியில் வெடிமருந்து திணித்துத் திரி கொளுத்துவதும் அவன்தான். வாரத்துக்கு ஒரு நாள் வீட்டுக்கு வருவான். அவன் வருகிற வரைக்கும் கீழே 'டமார்' என்று கேட்கிற ஒவ்வொரு சத்தத்துக்கும் இருசாயி நெஞ்சில் கை வைப்பாள். அப்படிப்பட்ட ஆளின் ஆயுசோடு கரித்துண்டை வைத்துக்கொண்டு விளையாட முடியுமா? 'அது எங்கூட்டுக்காரர் பேருங்க' என்று விளக்கம் சொல்லவும் அவளுக்குத் துணிச்சலில்லை. விரலால் சுட்டிக் காட்டினாலும் சொன்ன மாதிரிதானே!

பரீட்சைக்குக் கொஞ்ச நாளே இருந்தபோது, பொன்னாயி மோர் கொண்டுவந்து கொடுத்தவள், போகிற போக்கில், "எம்மவன் முத்தன் இந்த வாரம் வரமாட்டானாம், சொல்லி உட்டிருக்கறான்" என்றாள்.

ருக்குமணி டம்ளரை வாயருகே பிடித்தபடி நின்றுவிட்டாள். இருசாயியின் புருஷனை அதுவரை அவள் பார்த்ததுமில்லை, பேர் கேட்டதுமில்லை. அவள் கேட்டபோதெல்லாம் 'ராசம்மா அப்பன்' என்றுதான் பதில் வந்திருக்கிறது.

"அட, இதுதானா சங்கதி!" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பு அடங்கிவிட்டது. அவளும் தன் புருஷன் பேரைச் சொல்லாதவள்தான். ஆனால் வெங்கிடுசாமி என்ற பேர் எந்த இலக்கணப் புத்தகத்திலும் உதாரணமாக வரவில்லையே.

"இருசாயி, நாஞ் சொல்றதக் கேளு. சொல்றது வேற, எழுதறது வேற."

"ரெண்டும் ஒண்ணுதானுங்க."

"பரீட்சையில அதையே குடுத்து வெளக்கிச் சொல்லுன்னு கேட்டா?"

"உட்டுப்போட்டு வந்துருவேனுங்க."

"மார்க்குப் போயிருமே! சரி, போனாப் போகுது, எப்பிடியோ தேறீட்டேன்னே வெச்சுக்கலாம். நாளைக்கு நீ வாத்தியாரம்மா. முத்துன்னு ஒரு பையன் வந்து பள்ளிக்கூடத்துல உக்காருவான். இந்த மலையில முத்துவுக்கா பஞ்சம்? அவன என்னன்னு கூப்பிடுவே? அதே பொஸ்தகத்தத்தான நீ சொல்லிக்கொடுக்கோணும்?"

 பள்ளிக்கூடத்துப் பக்கமிருந்து மணிச் சத்தம் ஒரு தடவை கேட்டது. ராசம்மாள்தான். இருசாயி எழுந்து போய்ச் சுவரோரம் நின்று அழுதாள். ஒரு பக்கம் பெண், ஒரு பக்கம் புருஷன்; இரண்டில் எதை விடச் சொன்னால் ஒருத்தி விடுவாள்?

பரீட்சை சேந்தமங்கலத்தில். அதற்கு முந்தின நாள் விடிந்ததும் ருக்குமணியும் இருசாயியும் மலையிறங்கினார்கள். வழியில் ஒரு திருப்பத்தில் ரோடு வேலை நடந்துகொண்டிருந்தது. கஞ்சி வேளை. ஆட்கள் பாறை நிழல்களில் சிதறி உட்கார்ந்திருந்தார்கள். முத்தன் இவர்களைப் பார்த்ததும் தலைத்துண்டை உதறிக்கொண்டு வந்தான். உடம்பெல்லாம் கல்தூசி, கண்ணும் பல்லும்தான் தெரிந்தன. ஒரு பெரிய பாறையின் நிழலில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள்.

ருக்குமணிக்கு வாய் நிற்கவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். "உங்க பேரு எழுதமாட்டேங்கறா. இவ தேறலீன்னா பள்ளிக்கூடம் போயிரும். நீங்களே சொல்லுங்க" என்றாள். இருசாயிக்கு அந்த இடத்திலேயே பாறைக்குள் புகுந்துவிடலாம் போலிருந்தது.

முத்தன் கஞ்சியைக் குடித்து முடித்தான். கலயத்தைக் கவிழ்த்து வைத்தான்.

"எம்பேரு எழுத்துல எப்பிடி இருக்கும்னே நான் பாத்ததில்லீங்க" என்றான். "கூலி வாங்கறப்ப ரேகைதான் வெக்கறேன். ஒருக்காப் பாக்கோணும்."

"நான் எழுதிக் காட்டறனுங்க" என்றாள் ருக்குமணி.

"இல்லீங்க. எம்பொண்டாட்டி படிச்சிருக்கறாளாமா. அவ கையால எழுதட்டும்." அவன் இருசாயியைப் பார்த்துச் சிரித்தான். "என்ன புள்ள, முடியாதா?"

எங்கே உளி அடிக்க வேண்டும் என்று குறி போடுவதற்காக மேஸ்திரி காளியண்ணன் வைத்திருந்த சுண்ணாம்புக் கலயம் பக்கத்தில் இருந்தது. இருசாயி நெடுநேரம் அதையே பார்த்தாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் அவளிடம் கேட்டது ஒன்றுமில்லை. இன்றைக்குக் கேட்கிறான். கேட்கிறது இதுவாகவா இருக்க வேண்டும்!

பிறகு அவளுக்கு என்ன தோன்றியதோ, எழுந்தாள். சுண்ணாம்பை விரலில் தொட்டுப் பாறை முகத்தில் கட்டம் போட்டாள். பத்திரிகைக் கட்டம் போல இல்லை. சோளத்தட்டு நட்ட மாதிரி நான்கு வரிசை, மேலிருந்து கீழே. முதல் வரிசையில் முரண் என்று எழுதினாள். இரண்டாவதைக் கொஞ்சம் மேலே தொடங்கி உத்தி என்று எழுதினாள். மூன்றாவதில் தளை. நான்காவதையும் மேலே தூக்கி, இன்னிசை. நான்கும் படித்த சொல், நான்கும் இலக்கணச் சொல். யாருடைய பேரும் இல்லை.

"நான் எதுவும் எழுதலீங்க" என்றாள் புருஷனிடம். "மேல இருந்து கீழதான் எழுதியிருக்கறேன். அக்கா, நீங்க நடுவுல குறுக்கே படிங்க."

ருக்குமணி விரலை வைத்துக் குறுக்கே நகர்த்தினாள். முரணிலிருந்து மு. உத்தியிலிருந்து த். தளையிலிருந்து த. இன்னிசையிலிருந்து ன். அவள் வாய் பிளந்தபடி நின்றது. எத்தனையோ பத்திரிகைகளின் கட்டங்களைக் கரைத்துக் குடித்தவள் அவள். இப்படி ஒன்றைக் கண்டதில்லை. எழுதாமலே எழுதி வைத்திருக்கிறாள் இந்தப் பெண்! "முத்தன்" என்று மெதுவாகப் படித்துக் காட்டினாள். அவள் கண் கலங்கிவிட்டது.

முத்தன் கிட்டே போனான். சுண்ணாம்பு ஈரத்தைத் தொடாமல், ஒவ்வொரு எழுத்துக்கும் முன்னால் விரலைப் பிடித்துப் பிடித்துப் பார்த்தான். "இதுதான் நானா?" என்றான். சிரிக்கவில்லை. கோயிலில் திரை விலகும்போது நிற்கிற மாதிரி நின்றான்.

விசில் அடித்தது. கஞ்சி வேளை முடிந்தது. காளியண்ணன் இரண்டு பெண்களையும் திருப்பத்துக்கு அப்பால், கட்டிய கல்சுவருக்குப் பின்னால் போகச் சொன்னார். "வெடி வெக்கறம், தலைய நீட்டாதீங்க அம்மிணி" என்றார். சிவப்புக் கொடி ஏறியது.

இருசாயி சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தாள். முத்தன் திரியைத் தோளில் போட்டுக்கொண்டு போனான். எந்தப் பாறை? அவன் நேராகப் போனது அவர்கள் உட்கார்ந்திருந்த அதே பாறைக்கு. அவர்கள் வருவதற்கு முன்பே அதில் குழி அடித்து வைத்திருந்தார்கள். நிழலில் உட்கார்ந்தவள் அதைக் கவனிக்கவில்லை. வெள்ளையாக அந்தக் கட்டம் இங்கிருந்தே தெரிந்தது. அதற்குக் கீழே அவன் குனிந்து திரி வைக்கிறான்.

 எழுதவில்லை எழுதவில்லை என்று சொல்லிக்கொண்டே எழுதிவிட்டாள். எழுதியதும் எங்கே? வெடிக்கப்போகிற கல்லில்! ருக்குமணி கையைப் பிடிப்பதற்குள் உதறிக்கொண்டு ஓடினாள். அழித்துவிட வேண்டும். முந்தானையால் துடைத்தால் போய்விடும். திரி புகையத் தொடங்கியிருந்தது. முத்தன் எப்போதும் போல நிதானமாகத் திரும்பி வந்துகொண்டிருந்தான். ஓடினால் சரளையில் வழுக்கும் என்று ஓடமாட்டான். எதிரே பெண்டாட்டி ஓடி வருவதைப் பார்த்ததும்தான் அவன் ஓடினான். பாதி வழியில் அவளை வளைத்துப் பிடித்தான்.

"உடுங்க! பேரு இருக்குதுங்க, அழிச்சுப்போட்டு வந்தர்றேன், உடுங்க!"

"பேரு அங்க இருக்கட்டும், புள்ள. நான் இங்க இருக்கறேன்."

அவளைத் தூக்காத குறையாக இழுத்துக்கொண்டு சுவருக்குப் பின்னால் விழுந்தான். மலை ஒரு குலுங்கு குலுங்கியது. காது அடைத்துப் போயிற்று. வானத்திலிருந்து கல் பொழிந்தது. அப்புறம் மண் பொழிந்தது. அப்புறம் தூசி மட்டும் நெடுநேரம் இறங்கிக்கொண்டிருந்தது. இருசாயி கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தாள். திறக்கப் பயம். கையில் ஏதோ சூடாகத் துடித்தது. அது அவனுடைய மணிக்கட்டு. அவள்தான் அதை நகம் பதியப் பிடித்திருந்தாள்.

கண்ணைத் திறந்தாள். பாறை நின்ற இடத்தில் வானம் தெரிந்தது. அத்தனை பெரிய கல், அதிலிருந்த கட்டம், சுண்ணாம்புச் சொல் நான்கு, எல்லாம் ஜல்லியாகக் கிடந்தன. பக்கத்தில் முத்தன் தும்மிக்கொண்டிருந்தான். தலையெல்லாம் வெள்ளை. ஒரு கீறல் இல்லை. பேர் சுக்கு நூறாகப் போய்விட்டது. பேருக்கு உரியவன் மூக்கைத் துடைத்துக்கொண்டு இருந்தான்.

அவள் அந்த ஜல்லியையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். பயமில்லை அது. அவள் பிறந்ததிலிருந்து அவளைச் சுற்றி நின்ற ஏதோ ஒன்று ஒரே சத்தத்தில் விலகி, அதற்கு அப்பால் எவ்வளவோ தூரம் தெரிந்தது. மலையில் பிறந்தவளுக்கே அன்றைக்குத்தான் வானம் அவ்வளவு பெரிசு என்று பட்டது. வேண்டுமென்றே அந்தப் பாறையில் எழுத வைத்தானா, யோசிக்காமல் நடந்ததா என்று அவனை அவள் கேட்கவே இல்லை. கேட்டிருந்தாலும் அவன் சிரித்திருப்பான்.

மறுநாள் பரீட்சை. எல்லாரும் சின்னப் பிள்ளைகள். நடுவில் இவள் ஒருத்தி சேலை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தமிழ்த் தாளைப் பிரித்தாள். ருக்குமணி பயந்த கேள்வி வரவே இல்லை. 'உவமைக்கு எடுத்துக்காட்டு ஒன்று தந்து விளக்குக' என்று பொதுவாகக் கேட்டிருந்தார்கள். எதை வேண்டுமானாலும் எழுதலாம். மலர்முகம் இருக்கிறது, தேன்மொழி இருக்கிறது, சோளப்பல் என்றுகூட எழுதலாம், மார்க் போடுவார்கள். தப்பித்துப் போக வழி நாலு பக்கமும் திறந்திருந்தது. இருசாயி பேனாவை மையில் தொட்டாள்.

அந்தப் பரீட்சையில் அவள் தேறினாள். பயிற்சிக்குப் போய் வந்தாள். அரியூர் நாட்டுப் பள்ளிக்கூடத்திலிருந்து ஆட்டை விரட்டினாள். அப்புறம் காய்ச்சல் வந்தாலும் இறங்கிப் போக அவளுக்கு வேறு ஊர் இல்லை; பள்ளிக்கூடமும் நிலைத்தது. இலக்கணம் என்றால் கரித்துண்டோடு பிள்ளைகளைப் பாறைக்கு ஓட்டிக்கொண்டு போய்விடுவாள். குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் போட்டு, இது என்ன, அது என்ன என்று பிள்ளைகள் கத்துகிற கத்தலில் குருவிகள் அந்தப் பக்கமே வருவதில்லை. முத்து, முத்துசாமி, முத்தாயி என்று எத்தனையோ பேர் வந்து படித்தார்கள். எல்லாரையும் வாய் நிறையக் கூப்பிட்டாள். புருஷனை மட்டும் எப்போதும் போல "ஏனுங்க" தான். அது பயத்தால் இல்லை. அவளுக்கு அது பிடித்திருந்தது.

ஆனால் அதெல்லாம் பின்னால். பரீட்சை முடிந்து அவள் மலையேறி வந்தபோது, முத்தன் ரோட்டோரம் காத்துக்கொண்டு நின்றான். ருக்குமணி எதற்கோ செருப்பைச் சரிசெய்கிற மாதிரி பின்தங்கிக்கொண்டாள்.

"என்ன புள்ள, கேட்டாங்களா அத?"

"அதக் கேக்கலீங்க. உவமைக்கு எதாச்சும் ஒண்ணு எழுதச் சொன்னாங்க. எது வேணாலும் எழுதலாம்."

"அப்பத் தப்பிச்சே போ. என்ன எழுதினே?"

இருசாயி அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"உங்களத்தானுங்க."